கலர் பாட்டிலில் எண்ணெய் பிரிகிறதா? எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

பங்குனி முடியும்போதே என் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். "அண்ணே, ஆரஞ்சு கலர் கழுத்துல எண்ணெய் கட்டுது. எசன்ஸ் போலி மாதிரி இருக்கு, வேற கம்பெனி சரக்கு மாத்தட்டுமா?" பத்துப் பேர் கூப்பிட்டால் எட்டுப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். நேரில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் எசன்ஸ் நன்றாகவே இருக்கும். தப்பு கலக்கிய வரிசையில், கலக்காமல் விட்ட டாங்கில், அல்லது டின்னை வைத்த இடத்தில் இருக்கும். சரக்கை மாற்றினால் பணமும் போகும், கழுத்தில் அந்த எண்ணெய் வளையமும் அடுத்த வாரம் திரும்ப வரும்.

சின்ன சோடா கம்பெனிகளில் ஆரஞ்சு, லெமன், மேங்கோ கலர் போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பன்னீர் சோடா, நன்னாரி மாதிரித் தெளிவான சரக்கில் இந்தத் தொல்லை கிடையாது. அவற்றில் போடுவது தண்ணீரிலேயே கரைகிற வாசனை. ஆரஞ்சில் வாசனை தருவது தோல் எண்ணெய், அதை எமல்ஷனாக்கி, அதாவது நுண்துளிகளாக உடைத்துத் தண்ணீரில் பிடித்து வைத்த கலவையாக்கித் தருகிறார்கள். எசன்ஸ் என்று டின்னில் வருவது அதுதான். அந்த எண்ணெயின் அடர்த்தி 0.84 அளவு, சர்க்கரை போட்ட கலரின் அடர்த்தி 1.04 அளவு. பிடித்து வைக்கும் பிடி எங்கே தளர்ந்தாலும் எண்ணெய் மேலே ஏறிவிடும். இந்த அளவு தெரிந்தால் போதும்.

எதையும் தொடுவதற்கு முன்னால் ஒரு வேலை. பாட்டிலைக் குலுக்காதீர்கள். குலுக்கிக் காட்டிவிட்டு "பாருங்க, இப்ப போயிடுச்சு" என்பார்கள். போனது வளையமில்லை, நமக்கு வேண்டிய தடயம். அதே பேட்ச்சில் முதலில் நிரப்பியது, நடுவில் நிரப்பியது, கடைசியில் நிரப்பியது என மூன்று பாட்டில் எடுங்கள். நிமிர்த்தி வைத்து, பின்னால் டியூப்லைட்டோ வெளிச்சமான ஜன்னலோ இருக்கும்படி பாருங்கள். கோளாறு கழுத்தில் நிற்கிறதா, அடியில் கிடக்கிறதா, நடுவில் தொங்குகிறதா? அதைப் பொறுத்துக் கீழே உங்களுக்குரிய தலைப்புக்குப் போங்கள்.

## கழுத்தில் வளையம்

மூடியைத் திறந்து, சுத்தமான விரலால் கழுத்தின் உள்பக்கத்தை ஒருமுறை துடையுங்கள். இரண்டு விரலைத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். வழுக்கி, ஆரஞ்சுத் தோலைக் கிள்ளியது போல் குப்பென்று வாசனை அடித்தால் அது எண்ணெய். வழவழப்பு மட்டும் இருந்து வாசனையே இல்லையென்றால், அல்லது புளித்த வாடை வந்தால், அது எண்ணெய் இல்லை. நேராக "அடியில் படிவு" தலைப்பில் ஈஸ்ட் பற்றிய பகுதிக்குப் போங்கள்.

### டாங்கின் கடைசிப் பாட்டில்களில் மட்டும் வளையம்

இதுதான் அதிகம் பார்ப்பது. செலவே இல்லாமல் சரியாவதும் இதுதான். எமல்ஷன் போட்ட பாகை ராத்திரி கலக்கி வைத்துவிட்டுக் கிளறியை நிறுத்திவிடுகிறார்கள். விடிவதற்குள் எண்ணெய்த் துளிகள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே சேர்ந்துவிடும். டாங்கின் குழாய் அடியில் இருப்பதால் முதலில் போகும் பாட்டில்களுக்கு வாசனை குறைவு, கடைசியில் போவதற்கு எண்ணெய் அதிகம்.

ஒரு கம்பெனியில் இரண்டு மாதமாக "சில பெட்டி மட்டும் திரும்பி வருது" என்று புலம்பிக்கொண்டிருந்தார்கள். பெட்டிகளின் நேரத்தைக் கேட்டு வரிசையாக எழுதிப் பார்த்தால், திரும்பி வந்ததெல்லாம் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் போட்டவை, அதாவது டாங்கின் அடி வழிக்கிற நேரத்தில் நிரம்பியவை. கிளறி சத்தம் போடுகிறது என்று ஆபரேட்டர் காலையில் அதை ஓட்டுவதே இல்லை. பேரிங்கை மாற்றினார்கள், சத்தம் நின்றது, பெட்டிகளும் திரும்பி வரவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: நிரப்பத் தொடங்குவதற்கு முன் 15 நிமிடம் மெதுவாகக் கிளறுங்கள், நிரப்பும் நேரம் முழுக்கக் குறைந்த வேகத்தில் ஓடட்டும். வேகமாக ஓட்டினால் காற்று புகுந்து நுரை வரும், அது தனிக் கதை. முடிந்தால் எமல்ஷன் போட்ட பாகை அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

### எல்லாப் பாட்டிலிலும், ஓரிரு நாளிலேயே வளையம்

முதலில் டின்னைச் சோதியுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் நல்ல தண்ணீர் எடுத்து நாலைந்து சொட்டு எமல்ஷன் விடுங்கள். நல்ல சரக்கு புகை இறங்குவது போல் இறங்கிப் பரவும், கலக்கினால் ஒரே சீரான பால் நிறம். கெட்டுப்போனதில் மேலே சின்னச் சின்னப் பொட்டுகள் மிதக்கும், பக்கவாட்டில் டார்ச் அடித்தால் வானவில் போல மினுங்கும். ஓர் இரவு அப்படியே விட்டு, காலையில் இன்னொருமுறை பாருங்கள்.

டம்ளரிலேயே மினுக்கம் தெரிந்தால் டின் உடைந்துவிட்டது. காரணம் என்னவென்று விசாரியுங்கள். நான் பார்த்ததில் முக்கால்வாசி, ஃப்ரீசர். வெயிலுக்குப் பயந்து, பக்கத்து ஐஸ்கிரீம் கடையின் ஃப்ரீசரில் பத்திரமாக வைத்திருப்பார்கள். எமல்ஷன் ஒருமுறை உறைந்து உருகினால் போச்சு. திரும்ப எவ்வளவு அடித்தாலும் பழைய நிலைக்கு வராது. அந்த டின்னைத் தூரப் போடுவதைத் தவிர வழியில்லை. தகரக் கூரைக்கு அடியில் மாதக்கணக்கில் வைப்பதும் கெடுதல்தான். வெயில் படாத, காற்றோட்டமான அறை போதும். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு கிடைத்தால் நல்லது, மேலே ஐஸ் பெட்டி வேண்டாம்.

டம்ளரில் சரியாக இருந்து பாட்டிலில் மட்டும் பிரிந்தால், கலக்கும் வரிசையைப் பாருங்கள். எமல்ஷன் எப்போதும் கடைசி. சர்க்கரைப் பாகு வடிகட்டி ஆறியிருக்க வேண்டும். அதில் தண்ணீரில் கரைத்த பென்சோயேட் (சரக்கு கெடாமல் காக்கும் மருந்து), அப்புறம் தண்ணீரில் கரைத்த சிட்ரிக் அமிலம், அப்புறம் நிறம், எல்லாம் கலந்து முடிந்த பிறகே எமல்ஷன். கெட்டியான பாகில் எமல்ஷனை அப்படியே கொட்டாதீர்கள். ஐந்து மடங்கு தண்ணீரில் அதைத் தளர்த்தி, கிளறி ஓடும்போது மெல்லிய தாரையாக விடுங்கள். எமல்ஷன் இருக்கிற பாகின் மேல் சிட்ரிக் தூளைக் கையால் அள்ளித் தூவுவதை மட்டும் எனக்காக நிறுத்திவிடுங்கள். தூள் விழுந்த இடத்தில் புளிப்பு உச்சத்துக்குப் போகும், அந்த இடத்தில் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

வாசனை தூக்கலாக இருக்கட்டும் என்று டின்னில் சொன்ன அளவைவிடக் கூடுதலாக விடுவதும் உண்டு. அளவு ஏறினால் வளையமும் ஏறும். அளக்கிற டம்ளரை விட்டுத் தராசுக்கு மாறுங்கள்.

### மூன்று நான்கு வாரம் கழித்து மெல்லிய வளையம்

இது கலக்கும் கையின் தப்பு இல்லை, அடர்த்தித் தகராறு. எண்ணெயை லேசாக விடாமல் இருக்க, எமல்ஷன் செய்கிறவர்கள் அதில் கனம் கூட்டும் பொருளைச் சேர்ப்பார்கள். எஸ்டர் கம் என்ற பைன் பிசின் பொருள் ஒன்று, எஸ்.ஏ.ஐ.பி என்ற சர்க்கரை எஸ்டர் இன்னொன்று. உங்கள் கலரின் சர்க்கரை அளவுக்குத் தோதாக அவர்கள் கனம் கட்டியிருப்பார்கள். நீங்கள் இனிப்பை 10 பிரிக்ஸிலிருந்து (நூறு கிராமில் எத்தனை கிராம் சர்க்கரை என்ற அளவு) 13க்கு ஏற்றினால் கலர் கனமாகும், எண்ணெய் ஒப்பிட்டால் லேசாகும், வளையம் வரும். ஸ்குவாஷுக்கு என்று கேட்காமல் கலருக்கான எமல்ஷனையே ஸ்குவாஷில் போட்டாலும் இதே கதைதான்.

ஃபார்முலாவில் எதையாவது மாற்றினீர்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். மாற்றியிருந்தால் பிரிக்ஸ் எண்ணைச் சொல்லிச் சப்ளையரிடம் அதற்கேற்ற எமல்ஷன் கேளுங்கள். நீங்களாகக் கனம் கூட்டும் பொருளை வாங்கி டின்னில் ஊற்றாதீர்கள். அது எண்ணெயோடு சேரவும் செய்யாது, சட்டத்தில் அதற்கு அளவு வரம்பும் உண்டு. "பி.வி.ஓ கொஞ்சம் இருக்கு, போட்டா வளையமே வராது" என்று யாராவது சொன்னால் வாங்கவே வாங்காதீர்கள். புரோமின் ஏற்றிய அந்த எண்ணெயை இந்தியா 1990இலேயே தடை செய்துவிட்டது. அமெரிக்காகூட 2024இல் அனுமதியை விலக்கிக்கொண்டது.

### எமல்ஷனை நீங்களே தயாரிக்கிறீர்கள் என்றால்

எண்ணெய்த் துளிகளைத் தண்ணீரில் பிடித்து வைப்பது பிசின், முதலில் அதைப் பாருங்கள். கம் அரபிக் வேண்டுமென்று நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கருவேலம் பிசினை எடுத்துத் தந்துவிடுவார்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் மரம் வேறு. நமக்கு வேண்டியது சூடான் பக்கத்திலிருந்து வருகிற அக்கேசியா செனகல் மரத்துப் பிசின். அக்கேசியா சேயல் என்ற இன்னொரு மரத்தின் பிசினும் கம் அரபிக் என்ற பெயரில்தான் விற்கிறது, விலையும் குறைவு. ஆனால் எண்ணெயைப் பிடித்து வைக்கிற திறன் அதற்குக் கம்மி. வாங்கும்போது எந்த மரம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

பிசின் தூளைத் தண்ணீரில் தூவிக் கிளற வேண்டும், தூளின் மேல் தண்ணீரை ஊற்றினால் மீன் கண் போலக் கட்டி கட்டும். ஓர் இரவு ஊறவிட்டு, பட்டைத் துணுக்கு போக வடிகட்டி, நுரையை எடுத்த பிறகே எண்ணெய் சேர்க்க வேண்டும்.

மிக்சியிலோ கை பிளெண்டரிலோ அடித்தால் அன்றைக்குப் பால் மாதிரி அழகாக இருக்கும். ஆனால் அந்தத் துளிகள் பல மைக்ரான் பருமன் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). நமக்கு வேண்டியது 1 மைக்ரானுக்குக் கீழே. அதற்கு அழுத்தத்தால் துளிகளைப் பொடியாக்கும் ஹோமோஜெனைசர் எந்திரம்தான் வேண்டும், 200 பாருக்கு மேல் அழுத்தத்தில் இரண்டு முறை ஓட்ட வேண்டும். ஹோமோஜெனைசர் இருந்தும் வளையம் வருகிறதென்றால், அழுத்த முள் ஓடும்போது நடுங்குகிறதா, போன வருடம் வந்த அழுத்தம் இப்போது வருகிறதா என்று கவனியுங்கள். வால்வும் அதன் இருக்கையும் தேய்ந்துபோனால் முள் சரியாகக் காட்டினாலும் துளி பெரிதாகத்தான் வரும். பள்ளி மாணவர்கள் பயன்படுத்தும் மைக்ரோஸ்கோப் போதும். ஒரு சொட்டை நூறு மடங்கு தண்ணீரில் கரைத்து 400 மடங்கு பெருக்கத்தில் பாருங்கள். தூசி போல மங்கலாகத் துடித்துக்கொண்டிருந்தால் நல்லது. உருண்டை உருண்டையாக ஓரம் தெளிந்து தெரிந்தால் துளி பெரிது. அப்போது மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வால்வை நீங்களே உப்புத் தாளில் தேய்க்க வேண்டாம், ஒரு கீறல் விழுந்தாலும் இருக்கையையே மாற்ற வேண்டிவரும்.

## அடியில் படிவு

### மினுங்கும் படிகம், ஊசி அல்லது செதில் போல

இது எண்ணெயே இல்லை, பென்சோயேட். அமிலம் போட்ட பிறகு பென்சோயேட்டைப் போட்டிருப்பார்கள். அது புளிப்பில் பென்சாயிக் அமிலமாக மாறும், அதற்குக் குளிர்ந்த தண்ணீரில் கரையும் சக்தி மிகக் குறைவு. உறுதிப்படுத்திக்கொள்ள, படிவை வடித்து எடுத்து ஆப்ப சோடா கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் போடுங்கள். கரைந்து மறைந்தால் அதுதான். வரிசையை மாற்றினால் அடுத்த பேட்ச்சில் வராது. இதில் ஒரு விஷயம் மனத்தில் வையுங்கள்: படிகமாகக் கீழே போனது கெடாமல் காக்க வேண்டிய மருந்து. அந்தப் பேட்ச் சீக்கிரம் கெடும், ஆகவே கடைக்கு அனுப்பாதீர்கள். பென்சோயேட் போடும் கலரில் "வைட்டமின் சி உண்டு" என்று லேபிளில் போடும் ஆசைக்காக அஸ்கார்பிக் அமிலத்தையும் சேர்க்காதீர்கள். சூட்டிலும் வெளிச்சத்திலும் இரண்டும் சேர்ந்து பென்சீன் உண்டாக வழியிருக்கிறது.

### மெத்தென்ற வெள்ளைப் படிவு, அசைத்தால் புகை போல எழும்புகிறது

மூடி திறக்கும்போது வழக்கத்தைவிட அதிகமாகச் சீறுகிறதா, பெட் பாட்டில் உப்பியிருக்கிறதா, புளித்த மாவு வாடை வருகிறதா? ஒன்று இருந்தாலும் ஈஸ்ட் புகுந்துவிட்டது. சுவைத்துப் பார்க்காதீர்கள். அந்த பேட்ச்சை நிறுத்துங்கள், கடைக்குப் போனதைத் திரும்ப வாங்குங்கள், சீல் உடைக்காத இரண்டு பாட்டிலை உணவுப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புங்கள். கண்ணாடி பாட்டில் என்றால் தூக்கும்போது முகத்துக்கு நேராகப் பிடிக்காதீர்கள், வெடிக்கும். இந்த ஒரு கோளாறில் மட்டும் நீங்களாகச் சரிசெய்ய முயல வேண்டாம்.

### பழுப்புத் தூசி, கோலா அல்லது கேரமல் போட்ட சரக்கில்

கேரமல் நிறத்தில் வகை வகையாக இருக்கிறது. குளிர்பானத்துக்குரியது 150டி என்ற எண் கொண்டது. பீருக்கும் சாஸுக்கும் போடும் 150சி விலை மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதன் மின்னூட்டம் நேர் எதிர். கம் அரபிக்கோடு சந்தித்தால் இரண்டும் கட்டிக்கொண்டு அடியில் விழும். டப்பாவின் எண்ணைப் படியுங்கள், வேறு சோதனை தேவையில்லை.

மற்றபடி மண், நார், கறுப்புப் புள்ளி எல்லாம் சர்க்கரையிலிருந்து வருவது. பாகு வடிகட்டும் துணியை மாற்றுங்கள்.

## நடுவில் திரி திரியாகத் தொங்குகிறது

பஞ்சு பிய்த்துப் போட்டது போல இருக்கும், தொட்டால் உடையும். முதல் சந்தேகம் தண்ணீர் மேல். போர் தண்ணீரில் இரும்பு அதிகம் இருந்தால் பிசினைக் கட்டியாக்கிவிடும். படிகாரம் போட்டுத் தெளிய வைத்த தண்ணீரில் அலுமினியம் மிச்சமிருந்தாலும் அப்படியே. கேன் தண்ணீர் வாங்கி அதில் ஒரு லிட்டர் கலர் போட்டு, உங்கள் தண்ணீரில் ஒரு லிட்டர் போட்டு, இரண்டையும் மூன்று நாள் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உங்கள் தண்ணீரில் மட்டும் திரி வந்தால் ஆர்.ஓ. ஆளைக் கூப்பிடுங்கள், எசன்ஸ்காரரை இல்லை. ஆர்.ஓ. ஏற்கெனவே இருக்கிறது என்றால் டி.டி.எஸ். மீட்டரை அதிலிருந்து தண்ணீர் வெளியே வருகிற இடத்தில் பிடித்துப் பாருங்கள். மெம்பிரேன் மாற்ற வேண்டிய நாள் கடந்திருக்கலாம்.

இரண்டிலும் திரி வந்தால், புதிதாக எதைச் சேர்த்தீர்கள்? பழக்கூழா, வேறு கம்பெனியின் இன்னொரு எமல்ஷனா? ஸ்டார்ச்சில் பிடித்த எமல்ஷனையும் பிசினில் பிடித்த எமல்ஷனையும் சோதிக்காமல் ஒரே டாங்கில் கலக்க வேண்டாம்.

## பால் நிறம் போய்த் தெளிந்துவிட்டது

பெரும்பாலும் கழுத்தில் வளையமும் கூடவே இருக்கும். மேலே சொன்னதைப் பாருங்கள். வளையமே இல்லாமல் நிறம் மட்டும் வெளுத்தால் அது எமல்ஷன் கோளாறு இல்லை. கடை வாசலில் வெயிலில் அடுக்கிய பெட்டியா என்று பாருங்கள். தண்ணீரில் குளோரின் மிச்சமிருந்தாலும் நிறம் போகும். கார்பன் ஃபில்டரை மாற்றுங்கள்.

## வாசனை மாறிவிட்டது

ஆரஞ்சு கலரில் பெயிண்ட் தின்னர், வார்னிஷ் மாதிரி வாடை அடித்தால் எண்ணெய் காற்றில் கெட்டிருக்கிறது. பாதி காலியான டின்னை மூடி வைத்து மாதங்கள் கடத்துவதுதான் காரணம், டின்னுக்குள் பாதி காற்று. சின்ன டின்னாக வாங்குங்கள், திறந்த தேதியை மார்க்கரில் எழுதுங்கள். லெமனில் இது இன்னும் சீக்கிரம் வரும். எலுமிச்சை வாசனைக்கு உயிரான சிட்ரால் புளிப்பிலும் சூட்டிலும் தாங்காது. லெமன் கலரை ஆரஞ்சைப் போல நாலு மாதம் ஸ்டாக் வைக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

கெட்ட வாடை இல்லை, வாசனையே காணோம் என்றால் பிளாஸ்டிக்கைச் சந்தேகியுங்கள். பாலித்தீன் உறை, மூடிக்குள் இருக்கும் லைனர், பாகு வைக்கிற சின்டெக்ஸ் மாதிரி டாங்க் எல்லாம் ஆரஞ்சு எண்ணெயை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். கனடாவில் 2019 அக்டோபரில் கஞ்சா சேர்ந்த உணவுகளையும் பானங்களையும் சட்டப்படி அனுமதித்தார்கள். கஞ்சாவிலிருந்து எடுக்கும் எண்ணெயையும் நம் ஆரஞ்சு எண்ணெயைப் போலவே எமல்ஷனாக்கித்தான் தண்ணீரில் கலக்க வேண்டும். அந்த வகைப் பானங்களிலும், அலுமினிய கேனின் உள்பூச்சு எண்ணெயை இழுத்துக்கொண்டு லேபிளில் உள்ள அளவு பானத்தில் இல்லாமல் போவது தலைவலியாக இருந்தது. அங்கே ஒரு கேனுக்கு, கஞ்சாவில் போதை தருகிற டி.எச்.சி என்ற பொருள் 10 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. அவ்வளவு குறைந்த அளவில் கொஞ்சம் பூச்சோடு போனாலும் கணக்கு உதைக்கும். நமக்கு வாசனை மட்டும்தான் போகிறது, ஆனால் வழி ஒன்றே: எண்ணெய் தொடுகிற இடத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் கண்ணாடியும் வையுங்கள். பாகு டாங்கை ஸ்டீலுக்கு மாற்றுவது செலவுதான். மற்ற எல்லாம் சரிபார்த்த பிறகே அதைச் செய்யுங்கள்.

## நிரப்பும்போது நுரை பொங்குகிறது

தண்ணீர் 4 டிகிரிக்குக் குளிர்ந்திருக்கிறதா? சில்லர் இழுக்காத மதிய வேளையில் மட்டும் நுரை வந்தால் அதுதான் பதில். காலையிலும் வந்தால், கிளறி வேகத்தைக் குறைத்துப் பாகை அரை மணி நேரம் அமர விடுங்கள். அப்போதும் நிற்கவில்லை என்றால் எமல்ஷனில் பிசின் தேவைக்கு மேல் இருக்கிறது. சப்ளையரிடம் சொல்லுங்கள்.

## சப்ளையரின் டெக்னிக்கல் ஆளைக் கூப்பிடும் முன்

டம்ளர் சோதனை, தண்ணீர் சோதனை, வரிசை மூன்றும் சரியாக இருந்தும் இரண்டு பேட்ச் தொடர்ந்து பிரிந்தால் கூப்பிடுங்கள், அதற்கு மேல் சரக்கை வீணாக்க வேண்டாம். "எசன்ஸ் சரியில்லை" என்று மட்டும் சொன்னால் அவர் புது டின் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அவர் வரும்போது குலுக்காத மூன்று பாட்டில், அதே டின்னில் மிச்சமுள்ள எமல்ஷன் கொஞ்சம், டின்னின் பேட்ச் எண், அன்றைக்கு அளந்த பிரிக்ஸ், ஒரு லிட்டர் உங்கள் தண்ணீர், எதை எந்த வரிசையில் எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று எழுதிய தாள், இவ்வளவும் மேசையில் இருக்கட்டும். அந்தத் தாளை ஆபரேட்டர் தம்பியையே எழுதச் சொல்லுங்கள், முதலாளி நினைவிலிருந்து எழுதுவது வேறு மாதிரி இருக்கும்.